குமரி மாவட்டத்துக்குள் வறுமையின் வட்டார வேறுபாட்டை அளவிடுவது எப்படி?

தமிழ்நாட்டின் மாவட்டங்களை எந்த வளர்ச்சிப் பட்டியலில் வரிசைப்படுத்தினாலும் கன்னியாகுமரி மேல்வரிசையில் வந்துவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. மாநில அரசின் 2017 மனித வளர்ச்சி அறிக்கையிலும் முதலிடம் இதற்கே கிடைத்தது. இந்தப் பெருமை பொய்யன்று. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரின் உழைப்பு அதற்குள் இருக்கிறது. ஆனால் அதே மாவட்டத்தில்தான், கடலுக்கும் சாலைக்கும் நடுவிலுள்ள குறுகிய மணல் பட்டையில் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் மீனவக் குடும்பங்களும், பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து வீடு சேரும் காணி பழங்குடி மக்களும், ஊர்ப்பேச்சில் அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரி ஆலைகளில் நாள் முழுவதும் உட்கார்ந்து தோல் நீக்கும் பெண்களும் இருக்கிறார்கள். மாவட்டச் சராசரியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இவர்கள் தென்படுவதில்லை.

களஆய்வு செய்யும் கல்லூரி மாணவர்கள், ஊராட்சி மற்றும் பேரூராட்சி உறுப்பினர்கள், சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பினர், உள்ளூர்ச் செய்தியாளர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நாட்டின் வறுமையை அளக்கச் செய்யப்பட்ட கருவிகள் குமரிக்குள் வரும்போது இரண்டு காரணங்களால் கூர்மை இழக்கின்றன. ஒன்று, இங்குள்ள கல்வி நிலை. மற்றொன்று, நகர்ப்புறம் என்ற வகைப்பாடு. இவ்விரண்டையும் புரிந்துகொண்ட பிறகே கணக்கில் இறங்க வேண்டும்.

நாட்டளவிலான படத்திலிருந்து தொடங்குங்கள்

மத்திய அரசின் நிதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கு, அதாவது உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகியவற்றிலுள்ள இல்லாமைகளை எண்ணும் கணக்கு, 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வை அடிப்படையாகக் கொண்டது. அதன்படி இந்திய மக்களில் 14.96 விழுக்காட்டினர் வறியவர்கள். பீகாரில் இந்த விகிதம் 33.76, ஜார்க்கண்டில் 28.81, உத்தரப் பிரதேசத்தில் 22.93; தமிழ்நாட்டில் 2.20, கேரளத்தில் 0.55. ஒரே நாட்டுக்குள் இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதே, வறுமையை வட்டார வாரியாகப் பார்க்க வேண்டும் என்பதற்குப் போதுமான காரணமாகும்.

செலவு அடிப்படையிலான படமும் இருக்கிறது. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில், ஒருவரின் சராசரி மாதச் செலவு நாட்டின் ஊரகத்தில் 3,773 ரூபாயாகவும் நகர்ப்புறத்தில் 6,459 ரூபாயாகவும் இருந்தது. தமிழ்நாட்டில் அது 5,310 மற்றும் 7,630. கேரளத்தில் 5,924 மற்றும் 7,078. ஊரகத்தில் கேரளம் முந்த, நகர்ப்புறத்தில் தமிழ்நாடு முந்துகிறது. எந்த மாநிலம் முன்னேறியது என்ற கேள்விக்கு ஒற்றை விடை தேடுபவர்கள் இந்த நான்கு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால் இவை மாநில அளவுக்கு உரியவை. உங்கள் ஊரைப் பற்றி இவற்றிலிருந்து எதையும் சொல்ல இயலாது.

குறியீட்டைப் பிரித்துப் பாருங்கள்

பல்பரிமாண வறுமைக் குறியீட்டை முழுமையாகப் புரிந்துகொள்ளாமல் அதைப் பயன்படுத்தாதீர்கள். உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் என்ற மூன்று பிரிவுகளுக்கும் அதில் தலா மூன்றில் ஒரு பங்கு எடை தரப்பட்டுள்ளது. ஊட்டச்சத்துக்கு ஆறில் ஒரு பங்கு. குழந்தை மற்றும் வளரிளம் பருவத்தினர் இறப்புக்கும் தாய்நலத்துக்கும் தலா பன்னிரண்டில் ஒரு பங்கு. கல்வியில் பள்ளிப்படிப்பு ஆண்டுகளுக்கும் பள்ளி வருகைக்கும் தலா ஆறில் ஒரு பங்கு. சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள், வங்கிக் கணக்கு ஆகிய ஏழு வாழ்க்கைத்தர அளவுகளுக்கும் தலா இருபத்தொன்றில் ஒரு பங்கு. இல்லாமைகளின் எடையைக் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கை எட்டும் குடும்பமே வறிய குடும்பமாகக் கணக்கில் சேரும்.

இப்போது கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். விறகடுப்பு, தனிக் கழிப்பறை இல்லை, தண்ணீருக்குப் போய்வர அரை மணி நேரத்துக்கு மேலாகிறது, வீடு ஓலையும் தகரமும், சொல்லும்படியான உடைமை இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. ஏழில் ஆறு இல்லாமைகள். கூட்டினால் இருபத்தொன்றில் ஆறு, அதாவது 28.6 விழுக்காடு. அந்த வீட்டில் ஒரு மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், உடல்நலப் பிரிவில் குறை எதுவும் பதிவாகவில்லை என்றால், குறியீட்டின் பார்வையில் அந்தக் குடும்பம் வறுமையில் இல்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட ஒரே ஒருவர் ஆறாண்டுப் பள்ளிப்படிப்பை முடித்திருந்தாலும், குடும்பம் முழுவதும் பள்ளிப்படிப்பு இல்லாமையிலிருந்து விலக்குப் பெற்றுவிடுகிறது. அதே நிலையில் படித்தவர் எவருமில்லாத ஒரு பீகார்க் குடும்பம் நான்கு வாழ்க்கைத்தர இல்லாமைகளுடனேயே 35.7 விழுக்காட்டை எட்டி வறியோர் பட்டியலில் சேர்ந்துவிடும்.

பீகாருக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சரியாகவே காட்டும் அந்தக் கருவி, அனைவரும் பள்ளிக்குப் போகும் ஒரு மாவட்டத்துக்குள் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மிகக் குறைவாகவே காட்டும். ஆகவே குமரிக்குள் ஒப்பிடும்போது இறுதி விகிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வோர் அளவையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்: கழிப்பறை இல்லாத வீடுகள் எத்தனை, வளாகத்துக்குள் குடிநீர் இல்லாத வீடுகள் எத்தனை, விறகில் சமைப்பவை எத்தனை. எழுத்தறிவு விகிதத்தை இந்த மாவட்டத்துக்குள் வேறுபாடு காட்டும் அளவாக வைக்க வேண்டாம்; அது பெரும்பாலான ஊர்களில் உயர்ந்தே இருக்கும். அதற்கு மாறாக, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு படிப்பைத் தொடர்ந்தவர்களையும் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை பெற்றவர்களையும் எண்ணினால் இடைவெளி புலப்படும்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. குடும்ப நல ஆய்வில் ஒரு மாவட்டத்துக்கு ஏறத்தாழ 900 வீடுகளே மாதிரியாக எடுக்கப்படுகின்றன. அதில் ஏதோ ஓர் இல்லாமை 2 விழுக்காடு என்று வந்தால், அது சுமார் 18 வீடுகளிலிருந்து பெறப்பட்ட எண். அந்த 18 வீடுகளை ஒன்றியம் ஒன்றியமாகப் பிரித்து முடிவு சொல்வது அறமும் ஆகாது, கணக்கும் ஆகாது.

நகர்ப்புறம் என்ற வகைப்பாடு

2011 கணக்கெடுப்பின்படி குமரி மக்களில் 82 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நகர்ப்புறத்தில் வாழ்கிறார்கள். மாநில அளவில் இது 48.4 விழுக்காடு. முழுக்க நகரமான சென்னையை விட்டுவிட்டால் இவ்வளவு நகர்மயமான மாவட்டம் தமிழ்நாட்டில் அன்று வேறு இல்லை. ஆனால் பேருந்தில் மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் வரை போகும் எவரும், ரப்பர் தோட்டங்களும் மரச்சீனி (மரவள்ளி) பயிரிட்ட துண்டு நிலங்களும் வாழைத் தோப்புகளும் நிறைந்த அந்த வழியை நகரம் என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். இங்கே பேரூராட்சிகளின் எண்ணிக்கை மிக அதிகம் என்பதும், வீடுகள் நெருக்கமாக உள்ள சிற்றூர்கள் கணக்கெடுப்பு நகரங்களாக வகைப்படுத்தப்பட்டன என்பதுமே அந்த விகிதத்துக்குக் காரணம்.

வறுமை ஆய்வில் இதன் விளைவு பெரியது. நூறு நாள் வேலை என்று அறியப்பட்ட ஊரக வேலை உறுதித் திட்டம் ஊராட்சிகளுக்கே உரியது. ஊரக வீட்டுவசதித் திட்டமும் அப்படித்தான். சாலையின் ஒருபுறம் ஊராட்சி, மறுபுறம் பேரூராட்சி என்று அமைந்த இடங்களில், ஒரே கூலி வேலையைச் செய்து, ஒரே கடையில் அரிசி வாங்கி, ஒரே குளத்தில் குளிக்கும் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு வேலை அட்டை உண்டு, மற்றவளுக்கு இல்லை. ஆகவே ஊரகத் தரவுத்தளங்களை மட்டும் வைத்துக்கொண்டு குமரியின் வறுமையை எழுதினால், மக்கள்தொகையின் ஐந்தில் ஒரு பகுதிக்கும் குறைவானோரைப் பற்றி மட்டுமே எழுதியவராவீர்கள். உங்கள் ஆய்வுப் பகுதி எந்த உள்ளாட்சி வகையைச் சேர்ந்தது என்பதை முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். பேரூராட்சியானால், அங்கே கிடைக்காமல் போகும் திட்டங்களையும் பட்டியலிட்டு வையுங்கள். இது ஒரு தனி இல்லாமையாகவே எண்ணத்தக்கது என்பது என் உறுதியான கருத்து.

எந்த எல்லையில் பிரிப்பது?

அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு பழைய வட்டங்களும், பின்னர் சேர்ந்த திருவட்டாறும் கிள்ளியூரும், ஒன்பது ஊராட்சி ஒன்றியங்களும் நிர்வாகத்துக்காக வகுக்கப்பட்டவை. கல்குளம் வட்டத்தை எடுத்துக்கொண்டால் கடலோரமும் தக்கலை போன்ற வணிக ஊரும் அதற்குள்ளேயே வந்துவிடும். வட்டச் சராசரி இவற்றின் வேறுபாட்டை விழுங்கிவிடும்.

ஆகவே பிழைப்பை ஒட்டிப் பிரியுங்கள். ஆரோக்கியபுரம் பக்கத்திலிருந்து நீரோடி வரை நீளும் கடற்கரை ஒரு பட்டை. நாஞ்சில் நாட்டின் வயலும் குளமும் வாழையும் சார்ந்த தோவாளை, அகத்தீஸ்வரம் பகுதி இரண்டாவது. ரப்பர், மரச்சீனி, முந்திரி ஆலை, சிறு கடை, வெளிநாட்டுப் பணம் ஆகியவற்றில் வாழும் மேற்கு மேட்டுநிலம் மூன்றாவது. அரசு ரப்பர் கழகத் தோட்டக் குடியிருப்புகளும் காணி குடியிருப்புகளும் உள்ள மலைப்பகுதி நான்காவது. இதில் தோட்டத் தொழிலாளரையும் பழங்குடியினரையும் ஒரே வரிசையில் சேர்க்காமல் தனித்தனியாக வையுங்கள். கடற்கரைப் பட்டைக்குள்ளும் தூத்தூர் வட்டாரத்தின் ஆழ்கடல் விசைப்படகுத் தொழிலும், மற்ற ஊர்களின் வள்ளம், கட்டுமரத் தொழிலும் வருமானத்தில் வெகுவாக மாறுபடும். இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. பல கடற்கரைக் குடியிருப்புகள் உள்நாட்டுப் பகுதியையும் கொண்ட பெரிய வருவாய்க் கிராமத்துக்குள் அடங்கியுள்ளன. மலைக் குடியிருப்புகளின் நிலையும் அதுவே. அத்தகைய இடங்களில் கிராம அளவுத் தரவும் போதாது. வார்டு அளவுக்கு இறங்க வேண்டும்.

தரவை எடுத்துக் கணக்கிடும் முறை

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டிலும் முதன்மைச் சுருக்கத்திலும் ஒவ்வொரு கிராமத்துக்கும், நகரங்களில் ஒவ்வொரு வார்டுக்கும், வீடுகளின் எண்ணிக்கையும் தொழிலாளர் வகைகளும் கிடைக்கும். ஆண்டில் ஆறு மாதத்துக்கும் குறைவாக வேலை கிடைத்தவர்களைக் குறுநேரத் தொழிலாளர் என்று அது தனியே எண்ணுகிறது. வேலையின்மையின் ஆழத்தை அறிய இதுவே கைக்கு எட்டும் சிறந்த எண். வீட்டுவசதி அட்டவணையில் கூரை, சுவர், குடிநீர் இருக்கும் தொலைவு, கழிப்பறை, எரிபொருள், உடைமைகள் ஆகியவை விழுக்காடாகத் தரப்பட்டிருக்கும்.

விழுக்காடுகளைக் கூட்டிச் சராசரி எடுப்பது மிகப் பரவலான பிழை. 100 வீடுகள் உள்ள கடற்கரை வார்டில் 40 வீடுகளுக்கும், 900 வீடுகள் உள்ள உள்நாட்டு வார்டில் 45 வீடுகளுக்கும் கழிப்பறை இல்லை என்று வைத்துக்கொள்வோம். விழுக்காடுகள் 40, 5. அவற்றின் சராசரி 22.5. உண்மையான விகிதமோ ஆயிரத்துக்கு 85, அதாவது 8.5. ஆகவே விழுக்காட்டை முதலில் வீட்டு எண்ணிக்கையாக மாற்றி, பட்டை வாரியாகக் கூட்டி, பிறகே மீண்டும் விழுக்காடாக்க வேண்டும். இறுதி அட்டவணையில் இரண்டையும் காட்டுங்கள். விழுக்காடு எங்கே வறுமை செறிந்திருக்கிறது என்பதைச் சொல்லும். எண்ணிக்கை எங்கே அதிகமானோர் காத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் செறிவு கடற்கரையிலும், எண்ணிக்கை உள்நாட்டிலும் அதிகம். இரண்டு வார்டுகளுக்கும் உதவி தேவை; தேவையின் வகைதான் வேறு.

2011-இல் எடுத்த சமூகப் பொருளாதார மற்றும் சாதிவாரிக் கணக்கெடுப்பு, ஊரகக் குடும்பங்களுக்கு ஏழு இல்லாமைகளைக் குறித்தது. ஒற்றை அறைக் குடிசை, பதினாறு முதல் ஐம்பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் இல்லாத வீடு, அந்த வயதில் ஆண் இல்லாத, பெண் தலைமையிலான குடும்பம், நிலமற்ற உடலுழைப்புக் குடும்பம் முதலியவை அவற்றுள் அடங்கும். பயனுள்ள அளவுகள்தாம், ஆனால் அந்தக் கணக்குக்கு 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல் தெரியாது. கடலில் கணவரையும் மகனையும் இழந்த வீடுகள் அதற்குப் பிறகு உண்டானவை. அதே புயல் மலையடிவாரத்தில் ரப்பரையும் வாழையையும் சாய்த்தது. எந்தத் தரவை எடுத்தாலும் அதன் ஆண்டைப் பக்கத்தில் எழுதி, அந்த ஆண்டுக்குப் பிறகு அந்தப் பட்டையில் நடந்தவற்றை ஒரு வரியில் சேர்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மாவட்ட உள்நாட்டு உற்பத்தி அடிப்படையிலான தனிநபர் வருமானத்தையும் எச்சரிக்கையுடன் கையாளுங்கள். வளைகுடாவிலிருந்து வரும் பணம் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் மேற்கு மேட்டுநிலத்தில் எழுந்திருக்கும் பல வீடுகளின் சுவரும் கூரையும் அந்தப் பணத்தால் ஆனவை.

களத்தில் கேட்கும்போது

எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதே விடையை மாற்றிவிடும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த இரண்டும் பொருந்தும் மாவட்டம் இது. சின்னமுட்டம் முந்தைய தடைக்கும், குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பிந்தைய தடைக்கும் உட்பட்டவை. மே மாதம் ‘சென்ற மாத வருமானம் என்ன’ என்று கேட்டால் சின்னமுட்டம் ஏழையாகவும் குளச்சல் செழிப்பாகவும் தெரியும்; ஜூலையில் கேட்டால் தலைகீழாகும். ரப்பர் பால்வெட்டு தொடர்மழையிலும் இலையுதிர் காலத்திலும் நின்றுபோகும். நெல் வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடைகளை ஒட்டியே கூலி கிடைக்கும். எனவே மாத வருமானத்தைக் கேட்காமல், பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாகச் சொல்லி, எந்தெந்த மாதங்களில் வேலை இருந்தது, எத்தனை நாள், வேலை இல்லாத மாதங்களில் எதைக்கொண்டு குடும்பம் நடந்தது என்று கேளுங்கள்.

வீடுகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஊர்ப் பெரியவர் கைகாட்டும் வீடுகளுக்கு மட்டும் போகக் கூடாது. கடற்கரை ஊர்களில் தேவாலயப் பங்கின் அன்பியப் (அண்டைக் குடும்பக் குழுக்களின்) பட்டியலும், காணி குடியிருப்புகளில் அவர்களின் தலைவரான மூட்டுக்காணியின் துணையும் முழு வீட்டுப் பட்டியல் தயாரிக்க உதவும். பட்டியல் கையில் வந்தபின் ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது என்று சீரான இடைவெளியில் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டிய வீட்டை விட்டுவிடாதீர்கள்; விடியலில் ஆலைக்கோ ஏலக்கூடத்துக்கோ போன பெண்ணின் வீடாக அது இருக்கலாம். மாலையில் மறுபடி போக வேண்டும்.

அரசுத் தரவுகள் பெரிதும் தொடாத ஒன்று கடன். கடைசியாக மருத்துவமனைக்குச் செலவானபோது பணம் எங்கிருந்து வந்தது, வீட்டு நகை இப்போது வீட்டில் இருக்கிறதா அடகில் இருக்கிறதா, வள்ளத்துக்கோ வலைக்கோ வாங்கிய கடனுக்காகப் பிடித்த மீனைக் குறிப்பிட்ட ஒருவருக்கே விற்க வேண்டியிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளும் ஒரு குடும்பத்தின் நிலையைக் கூரையைவிடத் தெளிவாகச் சொல்லும். தளம் போட்ட வீட்டுக்குள் கடனில் மூழ்கிய குடும்பங்கள் இருப்பதை இந்த மாவட்டத்தில் பிறந்த எவரும் அறிவார்கள். தொலைவைக் கிலோமீட்டரில் கேட்க வேண்டாம், நேரத்தில் கேளுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாகர்கோவிலிலிருந்தும் கோதையாற்றிலிருந்தும் இரவில் போய்ச்சேர ஆகும் நேரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே வாழ்க்கைத்தரத்தின் வட்டார வேறுபாடு கண்முன் நிற்கும்.

எல்லைக்கு அப்பால் ஒப்பிடும்போது

களியக்காவிளைக்கு மறுபுறம் உள்ள திருவனந்தபுரத்துடன் ஒப்பிடும் ஆசை இயல்பானது. 1956 நவம்பர் 1 வரை குமரியும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாகவே இருந்தது. ஆனால் குடும்ப அட்டையை ஒப்பீட்டுக் கருவியாக்காதீர்கள். தமிழ்நாட்டில் பொது விநியோகம் அனைவருக்கும் உரியது. கேரளத்தில் அட்டையின் நிறம் வருமான நிலையைப் பொறுத்து மாறுவது. விலைவாசி வேறுபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும்: டெண்டுல்கர் குழுவின் முறையில் கணக்கிட்ட 2011-12 ஊரக வறுமைக்கோடு தமிழ்நாட்டுக்கு ஒருவருக்கு மாதம் 880 ரூபாயாகவும் கேரளத்துக்கு 1,018 ரூபாயாகவும் இருந்தது. குமரியின் மேற்குப் பகுதிச் சந்தைகள் கேரளத்தோடு நெருங்கிய தொடர்புடையவை என்பதால், மாநிலச் சராசரி விலையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அரிசி, மீன், வீட்டு வாடகை ஆகியவற்றின் உள்ளூர் விலையை நீங்களே குறித்துவருவது நல்லது.

கேரளத்திடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் கண்டறியும் முறை. 2021-இல் தொடங்கி, வார்டு அளவில் உணவு, உடல்நலம், வருமானம், உறைவிடம் என்ற நான்கையும் பார்த்து 64,006 மிக வறிய குடும்பங்களை அங்கே அடையாளம் கண்டார்கள். 2025 நவம்பர் 1 அன்று மிகுவறுமை ஒழிந்ததாக அம்மாநில அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பைப் பற்றி விவாதங்கள் உண்டு. எனினும் குடும்பம் குடும்பமாகத் தேடிச் சென்ற முறை, சராசரிகளுக்குள் ஏழைகள் மறைந்துவிடும் குமரி போன்ற மாவட்டத்துக்கு மிகவும் பொருந்தும். மிக ஏழைக் குடும்பங்களைக் கண்டறிந்து உதவ, தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட தாயுமானவர் திட்டத்தின் கணக்கெடுப்புடன் உங்கள் பட்டியலை ஒப்பிட்டு, விடுபட்டவர்கள் யார் என்று பாருங்கள்.

அட்டவணையை மக்களிடம் கொண்டுசெல்லுங்கள்

அறிக்கையில் குடும்பங்களின் பெயரோ, அடையாளம் காட்டும் விவரமோ வேண்டாம். சிறிய குடியிருப்பானால், ஒரே ஒரு குடும்பத்துக்குப் பொருந்தும் எண்ணைத் தனியே அச்சிடாமல் பக்கத்துக் குடியிருப்புடன் சேர்த்துவிடுங்கள். கடன் விவரம் வெளியே தெரிந்தால் அந்தப் பெண்ணுக்கு அடுத்த கடன் கிடைக்காமல் போகலாம், அவமானமும் சேரும்.

ஊராட்சியானால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே பக்கத்தில் அடங்கும் அட்டவணையை வாசித்து, பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். பேரூராட்சியானால் வார்டு உறுப்பினர் வழியாக மன்றக் கூட்டத்தில் வைக்கச் செய்யுங்கள். துறை ஏதேனும் உங்கள் எண்ணை மறுத்தால், அவர்களிடமுள்ள வார்டு வாரிக் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். வீட்டுப் பட்டியலையும் கேள்வித்தாளையும் எந்தெந்த மாதங்களில் களத்துக்குப் போனீர்கள் என்ற குறிப்பையும் பத்திரமாக வையுங்கள். 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வார்டு எண்கள் வெளிவந்ததும், அதே வீடுகளுக்கு, அதே மாதத்தில், அதே கேள்விகளுடன் மறுபடி போக அவை வேண்டியிருக்கும்.